வெண்திரையில் பித்தேறிய பேரறிவு

பேய்ப்படம் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன வெள்ளைச் சேலையும் கொலுசொலியுமே. ஐரோப்பியரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஊட்டிய அச்சம் வேறு வகையினது. அவற்றில் நாம் அஞ்ச வேண்டியவன் கற்றறிந்தவன், பெரும்பாலும் மருத்துவன்.

இவ்வரிசைக்குத் தலைமை தாங்குவது ராபர்ட் வீனே இயக்கி, 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளியான 'டாக்டர் காலிகாரியின் பேழை'. கோணல் வீடுகளையும் வளைந்த தெருக்களையும் திரைச்சீலையில் தீட்டியதோடு நில்லாமல், நிழல்களையுங்கூடத் தூரிகையால் தீட்டியிருந்தனர். உறங்கியபடியே நடக்கும் ஒருவனைச் சந்தையில் வேடிக்கை காட்டும் காலிகாரி, இரவில் அவனையே ஏவிக் கொலை செய்விக்கிறான். முதற்பலி யார் தெரியுமா? உரிமம் கேட்டு வந்தவனை, உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவாறு அலட்சியம் செய்த நகர அலுவலக எழுத்தர்! கோப்புகளோடு காலந்தள்ளும் நம் போன்றோர் அக்காட்சியை முழுமனத்துடன் சிரித்துக் கடக்க இயலாது.

காலிகாரியைத் துரத்திச் செல்லும் இளைஞன் மனநோய் மருத்துவமனையை அடைகிறான். அதன் தலைவரே காலிகாரி! பிறகு கதை புரள்கிறது: இதுகாறும் கதை சொன்ன அவ்விளைஞனே நோயாளியாம், தலைவரோ நல்லவராம். இம்முடிவு படத்தின் கூர்மையை மழுக்கிவிட்டது என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இவனைக் குணப்படுத்தும் வழி தெரிந்துவிட்டது என அம்மருத்துவர் கூறும்பொழுது, நம் நெஞ்சு அவரை நம்ப மறுக்கிறது.

1927-இல் வந்த பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்தில், இறந்த காதலியை எந்திர வடிவில் மீட்க முயல்கிறான் ரோட்வாங் என்னும் விஞ்ஞானி. அப்படத்தின் மாநகரைக் கண்ணாடிப் பிரதிபலிப்பால் சிற்றுருக்களிலிருந்து பெரிதாக்கிக் காட்டிய வல்லுநர் ஆய்கன் ஷுஃப்டான். யூதரான அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்.

பின்னர் நிகழ்ந்தவை திரைக்கதைகளையும் விஞ்சின. 1946 டிசம்பரில் நியூரம்பர்கில் தொடங்கிய வழக்கில், சிறைமுகாம் கைதிகள்மீது கொடிய சோதனைகள் நடத்தியமை முதலிய குற்றங்களுக்காக நிறுத்தப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். எழுவர் தூக்கிலிடப்பட்டனர்.

அந்நினைவு ஆறாத ஐரோப்பாவில், 1960-இல் ஜார்ஜ் பிரான்ஜு 'முகமற்ற கண்கள்' என்னும் பிரெஞ்சுப் படத்தை அளித்தார். ஒளிப்பதிவு அதே ஷுஃப்டான். தாம் ஓட்டிய காரின் விபத்தில் மகள் முகம் சிதைந்துவிட, பிற பெண்களைக் கடத்தி வந்து அவர்தம் முகத்தோலை உரித்து அவளுக்கு ஒட்ட முயல்கிறார் டாக்டர் ஜெனெசியே. ஊரார் மதிக்கும் பெரிய மனிதர்; மகள்பால் அன்பும் உடையவர். அவ்வன்பே நம்மை நடுங்கச் செய்கிறது. வண்ணப்படமாயின் குருதியே கண்ணை நிறைத்திருக்கும். கறுப்பு வெள்ளையில் நாம் காண்பது வெண்ணிற முகமூடியையும் அதனுள் அசையும் இரு விழிகளையுமே.

ஒட்டிய தோல் நாளுக்கு நாள் அழுகுவதை வரிசையான புகைப்படங்களால் காட்டுகிறார் இயக்குநர். அந்நியத் தசையை உடல் ஏலாது என்பது மெய்யான அறிவியல். அத்தடையை வெல்லும் வழி குறித்த ஆய்வுக்காகவே அதே 1960-இல் மெடவருக்கும் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிட்டியது. 2005-இல் அதே பிரான்சின் அமியான் நகரில், மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் முகப்பகுதியை, குடும்பத்தாரின் இசைவோடு, மற்றொரு பெண்ணுக்குப் பொருத்தினர் மருத்துவர்கள்.

ஜெனெசியே எவரிடமும் இசைவு கேட்கவில்லை, தம் மகளிடங்கூட. இறுதியில் அவள், மேசையில் கட்டுண்டு கிடந்த பெண்ணின் வார்களை அவிழ்க்கிறாள். தந்தையார் சோதனைக்கென அடைத்து வைத்த நாய்களின் கூண்டுகளைத் திறக்கிறாள். பின், கையில் ஒரு புறாவோடு, முகமூடியைக் களையாமலே இருண்ட தோப்புக்குள் நடந்து போகிறாள்.