மந்தம் வந்தால் மனை விலை இறங்குமா?

பொருளாதார மந்தம் வந்தால் வீட்டு விலை இறங்குமா என்னும் வினா, பிழைப்பை நாடி அயல் மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர் மனத்தில் எழுவது. அந்நாளைய பம்பாயின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி வராமற்போகவே, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. பம்பாயில் பணம் குவிந்தது. பிரேம்சந்த் ராய்சந்த் முதலிய வணிகர்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் அதனை இட்டனர். பாக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு ஏறத்தாழ 50,000 ரூபாய்க்கு விலை போயிற்று. கடலுக்கடியில் கிடந்த மண்ணுக்கு இத்துணை மதிப்பு! பங்குகளை ஈடாகக் கொண்டு வங்கிகளும் தாராளமாகக் கடன் வழங்கின.

1865இல் போர் ஓய்ந்தது. பஞ்சு விலை சரிந்தது. பங்குகள் வெறுங் காகிதமாயின. பம்பாய் வங்கியும் நொடித்துப்போயிற்று. 1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,16,562ஆக இருந்த மக்கள்தொகை, 1872இல் 6,44,405 ஆயிற்று. குடியிருப்போர் குறைந்த நகரில் வீட்டு விலை எங்ஙனம் நிலைக்கும்?

மந்த காலத்தில் எல்லா வீடுகளும் ஒருபடித்தாக விலை இறங்குவதில்லை. கடனும் பேராசையும் உயர்த்திய விலை முதலில் விழுகிறது. வாழ்வோரின் தேவை உயர்த்திய விலையோ, அவ்வூரில் தொழில் உள்ளவரை பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. ஆதலின், வீடு வாங்க எண்ணும் நாம், விலையோடு அவ்விடத்து வாடகையையும் தொழில் நிலையையும் சீர்தூக்கிப் பார்த்தல் நலம்.