கன்னியர் மடத்துக்குப் போன பாட்டியைத் தேடுவது எப்படி? கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால் கிளைகள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். சில பிள்ளைகளின் தாளில் ஒரு கிளை மட்டும் பாதியில் நின்றிருக்கும். “இவங்க யாரும்மா?” என்று கேட்டால், “எங்க பாட்டியோட தங்கச்சி, டீச்சர். சிஸ்டரா போயிட்டாங்களாம்” என்று பதில் வரும். எந்தச் சபை, எந்த ஊர் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே அவரைப் பற்றிப் பேச வீட்டில் ஆளும் இல்லை.

படிவம் 1 வரலாற்றுப் பாடத்தில் முதல்நிலை மூலம், இரண்டாம் நிலை மூலம் என்று படிக்கிறோமே, அதைச் செய்து பார்க்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. கேமரன் மலையை வைத்தே பார்ப்போம்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைப் பற்றி எழுதிவைத்தார். மலை பெயர் பெற்றது அவரால்தான். தேயிலை வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை வந்த அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டிக் கன்று நட்டார்கள். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் சிறுபான்மை. 1930களில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் தானா ராத்தாவில் ஒரு கான்வென்ட் பள்ளியைத் திறந்தார்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்திய அந்தப் பள்ளி முதலில் துரைமார் வீட்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆகவே கொழுந்து பறிப்பவரின் மகள் மடத்துக்குப் போனாள் என்றால், இடையில் யாரோ ஒருவர் கைபிடித்து அழைத்துப் போயிருக்க வேண்டும். பங்குத்தந்தையா, உபதேசியாரா, இல்லை மடம் நடத்திய அநாதை விடுதியா? இதுதான் ஆய்வின் முதல் கேள்வி.

தேடும்போது முதலில் தடுக்குவது பெயர். வீட்டில் பாப்பாத்தி, சின்னப்பொண்ணு என்று கூப்பிட்டிருப்பார்கள். திருமுழுக்கில் வேறு பெயர். மடத்தில் சேர்ந்ததும் மூன்றாவதாக ஒரு பெயர். கேரளத்தில் அன்னக்குட்டியாகப் பிறந்தவர்தான் 2008இல் புனிதர் பட்டம் பெற்ற அல்போன்சா. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குழந்தை இயேசு சபையின் பணியை வளர்த்த அன்னை மத்தில்த் ராக்லோவுக்குப் பிரான்சில் பெற்றோர் வைத்த பெயர் ஜுஸ்தின். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்த பிறகு சகோதரிகள் பலர் பழைய திருமுழுக்குப் பெயருக்கே திரும்பினார்கள். ஆக, 1955 பள்ளி இதழில் ஒரு பெயரும் 1975 இதழில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டு பேர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

சபையின் பெயரும் அப்படித்தான். 1852இல் பினாங்குக்கு வந்தவர்களைப் பழைய ஆவணங்கள் ‘செயின்ட் மோர் கன்னியர்’ என்றே குறிக்கும். பாரிசில் அவர்களுடைய தாய் மடம் இருந்த தெருவின் பெயர் அது. குழந்தை இயேசு சபையும் அதுவும் ஒன்றே.

அடுத்தது திருமுழுக்குப் பதிவேடு. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பாதிரியார்கள் அதை லத்தீனில் எழுதினார்கள். சூசை அங்கே யோசேபுஸ் ஆகிவிடுவார். ராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். “எங்க தாத்தா பேரு ராயப்பன்” என்று தேடிப்போகிறவர் பெத்ருஸ் என்ற வரியைக் கண்ணால் பார்த்தும் தாண்டிப் போவார். தகப்பன் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் அதே லயத்துக்காரர்களாகவோ அதே ஊர்க்காரர்களாகவோ இருப்பார்கள்.

பதிவேட்டின் ஓரத்தைத்தான் நான் அதிக நேரம் பார்க்கச் சொல்வேன். ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் போய், அந்த ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். 1918இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு உறுதிப்படுத்தல், திருமணம், ‘சிறப்பு வார்த்தைப்பாடு’ ஆகியவற்றை அங்கே எழுதச் சொன்னது. பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய சபைகளில் எடுத்தது ‘எளிய வார்த்தைப்பாடு’. அதை எழுத வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. 1983இல் வந்த புதிய தொகுப்புதான் துறவற சபைகளில் எடுக்கும் நிரந்தர வார்த்தைப்பாட்டையும் குறிக்கச் சொல்கிறது. அதனால் 1940களில் மடத்துக்குப் போன பெண்ணின் ஓரம் வெறுமையாகவே இருக்கலாம். ‘ஒண்ணும் இல்லை, அப்ப அவங்க சிஸ்டரே இல்லை’ என்று முடிவெடுப்பது தவறு. ஆனால் அங்கே ஒரு திருமணக் குறிப்பு இருந்தால், வீட்டில் சொன்ன கதையை ஒருமுறை திரும்பக் கேட்கத்தான் வேண்டும்.

வயதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 1918 சட்டப்படி, பதினைந்து வயது முடியாமல் நவகன்னியராகச் சேர முடியாது. அதன்பின் குறைந்தது ஓராண்டுப் பயிற்சி. நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். “பத்து வயசுலேயே சிஸ்டரா போயிட்டா” என்று பெரியவர்கள் சொன்னால், அவர்கள் பொய் சொல்லவில்லை. பத்து வயதில் போனது விடுதிக்கோ அநாதை இல்லத்துக்கோ. சிஸ்டர் ஆனது பல ஆண்டுகள் கழித்து. வீட்டு நினைவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 1930இல் பிறந்தவர் என்றால் 1945க்கு முன் நவகன்னியராக இருந்திருக்க முடியாது. அந்த இடைவெளியில் ஜப்பானியர் காலம் முழுவதும் அடங்குகிறது. தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். தகப்பன் இல்லாத வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை மடத்துக்குப் போவதற்குப் பக்தி தவிர வேறு காரணங்களும் இருந்திருக்கும். இதைக் கேட்கும்போது மெதுவாகக் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? 1955 பிப்ரவரியில்தான் கோலாலம்பூரும் பினாங்கும் தனி மறைமாவட்டங்கள் ஆயின. அதற்குமுன் தீபகற்பம் முழுவதும் மலாக்கா மறைமாவட்டம். ஆயர் இருந்தது சிங்கப்பூரில். அக்காலத்து ஆயரின் கடிதங்களைக் கோலாலம்பூரில் மட்டும் தேடிப் பயனில்லை. பங்குப் பதிவேட்டைப் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும், நேரில் போனால் நல்லது. தாப்பாவிலிருந்து ஏறிய குடும்பமா, ஏற்கனவே வேறு தோட்டத்தில் இருந்த குடும்பமா என்று முதலில் விசாரியுங்கள். பிள்ளைக்குத் திருமுழுக்கு கொடுத்தது மலையில்தான் என்று சொல்ல முடியாது. ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்ட பெண்களும் உண்டு. புதுச்சேரியில் 1844இல் துப்புயி பாதிரியார் தொடங்கிய மாதா இருதய சபை போன்றவை தமிழ்ப் பெண்களையே சேர்த்து வளர்ந்தவை.

சபைக்குக் கடிதம் எழுதும்போது வீட்டுப் பெயர், திருமுழுக்குப் பெயர், பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர், உத்தேசப் பிறந்த ஆண்டு ஐந்தையும் எழுதுங்கள். சேர வந்த ஒவ்வொரு பெண்ணும் திருமுழுக்கு, உறுதிப்படுத்தல் சான்றுகளைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே அவருடைய கோப்பில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கோப்பு அவருடைய அந்தரங்கம் என்பதையும் மறக்க வேண்டாம். தேதிகளைக் கேட்கலாம், முழுக் கோப்பையும் கொடு என்று கேட்கக் கூடாது. விடுதியில் விடப்பட்ட பிள்ளை என்று அதில் எழுதியிருந்தால், அதை வகுப்பில் வாசிக்கலாமா என்று குடும்பத்தாரிடம் முதலில் கேளுங்கள்.

1948இல் அவசரகாலப் பதிவு தொடங்கியபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது, மடத்தில் இருந்தவர்களும்தான். கான்வென்ட் பள்ளி இதழ்களின் குழுப்படங்களையும் கன்னியர் கல்லறைகளையும் விட்டுவிடாதீர்கள். கல்லறையில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள் இருக்கும். சிலவற்றில் வார்த்தைப்பாடு எடுத்த நாளும் இருக்கும்.

இப்படித் தேடிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உறைக்கும். காணாமற்போனதாக வீடு நினைத்த தங்கைக்குத் திருமுழுக்கு வரி, சேர்ந்த தேதி, வார்த்தைப்பாட்டுத் தேதிகள், மாற்றலான ஊர்கள், பள்ளிப் படம், கல்லறைக் கல் என்று வரிசையாகத் தாள்கள் கிடைக்கின்றன. தோட்டத்திலேயே இருந்து, முப்பது நாற்பது வருஷம் கூடை சுமந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அக்காளுக்கு என்ன இருக்கிறது? கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு பெயர், ஓர் அடையாள அட்டை, எப்போதோ தூக்கிப்போட்ட செக்ரோல் புத்தகம். குடும்ப மரத்தில் நடுவில் இருப்பவர் அவர்தான். அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் கேட்டுத்தான் எழுத வேண்டும், அவர் மகள் இன்னும் தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இருக்கும்போதே. “உங்க அம்மா எந்த லயத்துல இருந்தாங்க? சித்தி மடத்துக்குப் போன அன்னைக்கு வழியனுப்ப யார் யார் போனீங்க?” என்று தொடங்கலாம்.