ஆவடியில் ரஷ்யா

ஆவடிப் பிள்ளைகளுக்கு ரஷ்யா என்றால் டாங்கி. சோவியத் உரிமத்தின் பேரில் டி-72 இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1980களில் தயாராகத் தொடங்கியது. அரசுகள் கைமாற்றிக்கொண்ட ரஷ்யா அது. 1955இல் காங்கிரஸ் இதே ஆவடியில் போட்ட 'சோஷலிச பாணி சமுதாயம்' தீர்மானமும் அப்படித்தான், மேலேயிருந்து வந்தது.

ஏழாம் வகுப்புப் பசங்களுக்கு நான் லெனினிலிருந்து ஆரம்பிப்பதில்லை. 1917 பிப்ரவரியில் அவர் சூரிச்சில் இருந்தார். பெத்ரோகிராடில் வீதிக்கு வந்தவர்கள் நெசவாலைப் பெண்கள். பழைய நாட்காட்டியில் பிப்ரவரி 23. நமக்கு மார்ச் 8. ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு, பக்கத்து உலோக ஆலைகளின் ஆண்களையும் வெளியே இழுத்தார்கள். உள்ளூர் போல்ஷ்விக்குகளே 'இப்ப வேணாம்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் சிப்பாய்கள் கலகம். எட்டாம் நாள் ஜார் முடி துறந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

'அப்புறம் அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்க சார்?' என்று கேட்டுவிடுகிறார்கள். அப்போது 1921க்குப் போயாக வேண்டும். அதே நகரத்தில் தொழிலாளர்கள் மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பெயரால் ஆண்ட அரசு ராணுவச் சட்டம் போட்டது, க்ரோன்ஷ்டாட் மாலுமிகள் மீது படையை ஏவியது. 'சின்னப் பசங்ககிட்ட இதெல்லாம் எதுக்கு தோழர்?' என்கிறார்கள் நண்பர்கள். முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.