இடங்கழியார் காட்டிய தண்டநீதி

கொடும்பாளூர் மலருக்குச் சட்டம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது தயங்கினேன். மூவர் கோயில் சிற்பங்களைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். முசுகுந்தேசுவரர் ஆலயத்து நந்தியைப் பற்றி இவ்வூர்ச் சிறுவனே என்னைவிட நன்றாகச் சொல்வான். ஆயுள் முழுதும் குற்றவியல் வழக்குகளில் உழன்றவனுக்கு இங்கே என்ன வேலை? ஆனால் எண்ணிப் பார்க்கையில், குற்றமும் தண்டனையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை என்று பட்டது.

இடங்கழி நாயனார் வரலாறு அறியாதவர் இம்மலரைக் கையில் எடுக்கப் போவதில்லை. எனவே கதையை விடுத்து, வழக்கறிஞன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். திருடப்பட்டது அரசன் நெல். நேரம் நள்ளிரவு. பிடித்தவர்கள் அரண்மனைக் காவலர்கள், அதுவும் கையும் களவுமாக. பல நாட்டுச் சட்டங்களில் தண்டனையைக் கூட்டக்கூடிய கூறுகள் இவை. அப்படிப் பிடிபட்டவனிடம் வேளிர் கோமானாகிய இடங்கழியார் ‘ஏன் எடுத்தாய்’ என்று கேட்டார். அடியார்களுக்கு அமுதூட்ட வேறு வழியில்லை என்றான் அவன். விட்டுவிட்டார்.

மன்னிப்போடு நின்றிருந்தால் அது ஒரு நாள் கருணை. சேக்கிழார் அடுத்துச் சொல்வதே சட்டம் படித்தவனைத் திகைக்க வைப்பது. களஞ்சியத்திலிருந்து அடியார்கள் வேண்டுமளவு எடுத்துக்கொள்ளலாம் என்று பறை அறைவித்தார். உடையவர் இசைவின்றி எடுத்தால்தான் திருட்டு. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு அப்படித்தான் வரையறுத்தது, இன்றைய சட்டமும் அப்படியே. நாயனார் இசைவை முன்னதாகவே ஊரறியக் கொடுத்துவிட்டார். மறுநாள் முதல் அதே செயல், அதே களஞ்சியம், ஆனால் குற்றமில்லை! சட்டத்தைத் திருத்துவது என்றால் இதுதான்.

இன்னொன்றையும் அன்பர்கள் கவனிக்க வேண்டும். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் இடங்கழியாரை அடுத்து வைத்துப் பாடியது செருத்துணை நாயனாரை. திருவாரூரில் பூவை மோந்த பல்லவ அரசியின் மூக்கை அரிந்தவர் அவர். பூவை எடுத்த கையை வெட்டிய கழற்சிங்கரும் அதே பாடலில்தான் வருகிறார். அடியார் செயலை எடைபோட நான் யார்? அவர்தம் பத்தியின் கடுமை அது. ஆயினும் உறுப்பரிதல் தண்டனையாக ஏற்கப்பட்ட காலத்துச் செய்தி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று அது கொடுங்காயக் குற்றம். நெல்லைத் திருடியவன் வீட்டுக்குப் போனதும், பூவை மோந்தவள் மூக்கிழந்ததும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

சிலம்பிலும் நம் ஊர் உண்டு. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வழி சொல்கையில், கொடும்பை நெடுங்குளத்தருகே பாதை சிவபெருமான் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். அவ்வழி கேட்டுச் சென்ற கோவலனிடம் மதுரையில் ‘ஏன்’ என்று கேட்பார் இல்லை. விசாரிக்காமல் வெட்டினார்கள். கொடும்பாளூரில் கேட்ட கேள்வியை மதுரையில் கேட்டிருந்தால் நமக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும், ஒரு நகரம் எரியாதிருந்திருக்கும். மணிமேகலையோ சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். சோழர் கல்வெட்டுகளில், வேட்டையில் கைதவறி ஆளைக் கொன்றவனை உயிர்ப்பலி கேட்காமல், கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஆடு கொடுக்கச் செய்த செய்திகள் பல. 96 ஆடு ஒரு விளக்குக்கு. கொலைக்கும் கைப்பிசகுக்கும் வேறுபாடு தெரிந்த சபையார் அவர்கள்.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்குத்தான். ஜூரர்கள் மனம் பொறுக்காமல், திருடுபோன பொருளை 39 ஷில்லிங் என்று மதிப்பிட்டுக் காப்பாற்றினார்கள். ஊர்மனம் முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்தது. பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மெக்காலே குழு வரைவில் பிறந்து 1862 முதல் நடப்பிலிருந்த தண்டனைச் சட்டம் 2024 சூலை 1இல் விடைபெற்றது. அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பெயர் என் நாவில் இன்னும் படியவில்லை, போகட்டும். அதில் ஒரு விதி இடங்கழியாரை நினைவூட்டுகிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சிறைக்குப் பதில் சமுதாயச் சேவை. பசியால் திருடுபவனைச் சிறையிலிட்டால் பெரிய திருடனாகத் திரும்புவான் என்பதை நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் என்றோ அறிவார்கள். ஏட்டில் ஏற இத்தனை காலமாயிற்று.

சட்டம் தளர்ந்துகொண்டே போகிறது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நேற்று வழக்கமாயிருந்தது இன்று குற்றமாகிறது. புதுக்கோட்டை ஈன்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடும் போராட்டத்துக்குப்பின், கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டுவது 1947இல் சென்னை மாகாணத்தில் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தீண்டாமை 1955இல். இரண்டுக்கும் சாத்திரம் காட்டி வாதாடியவர் இருந்தனர். அடிபட்டவர் குரல் சபையேறிய அன்று சாத்திரம் வாயடைத்தது. சைவனாகிய நான் இதைச் சொல்வதில் குறையொன்றுமில்லை, திருநாளைப்போவாரைப் பாடிய மரபு நம்முடையது.

இடங்கழி நாயனார் குருபூசை ஐப்பசிக் கார்த்திகை நாளில். அன்று கொடும்பாளூர் வரும் அன்பர்கள் வெறுங்கையோடு வர வேண்டாம். ஆளுக்கு ஒரு படி நெல்லோ அரிசியோ அன்னதானத்துக்குக் கொண்டு வாருங்கள்.