வீட்டு மெயின் போர்டு மாற்றும் செலவு: சிலமலை வட்டாரம்

மின் வாரிய மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் மின்சாரத்தை வாங்கி அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் இடம் மெயின் போர்டு. பழைய வீடுகளில் அது ஒரு மரப்பலகை, இரும்பு மெயின் சுவிட்ச், பீங்கான் பீஸ் கட்டை. புதிய வீடுகளில் டி.பி. பாக்ஸும், அதற்குள் 'டிரிப்பர்' என்று எல்லோரும் சொல்லும் எம்.சி.பி.களும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் செலவு பெட்டியின் விலையோடு முடிவதில்லை. சுவருக்குள் ஓடும் வயரும் மண்ணுக்குள் இறங்கும் எர்த்தும்தான் மொத்தக் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் ஏலமலையின் அடிவாரத்தில் இருக்கிறது சிலமலை. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வயரிங் செய்த காலத்தில் நாலு பல்பு, ஒரு ரேடியோ, வசதி இருந்தால் ஒரு மின்விசிறி என்பதுதான் கணக்கு. 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அப்புறம் பிரிட்ஜ், போர் மோட்டார், ஹீட்டர், சில வீடுகளில் ஏ.சி. எல்லாம் வந்து சேர்ந்தும் போர்டு மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏற வேண்டிய வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஏற்ற 1 குதிரைத்திறன் மோட்டார் 746 வாட், ஹீட்டர் 2,000, மிக்சி 750, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் 5,496 வாட்; 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 24 ஆம்பியர். வோல்டேஜ் இறங்கும் வேளையில் மோட்டார் இன்னும் கூடுதலாக இழுக்கும். 15 ஆம்பியர் பீஸ் இதைத் தாங்காது, தாங்கவும் கூடாது.

அப்படிப்பட்ட வீட்டின் பீஸ் கட்டையை உருவிப் பார்த்தால், ஈயம் பூசிய மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வயரிலிருந்து உரித்த செம்பு இழைகள் மூன்று நான்காக முறுக்கிக் கிடக்கும். பீங்கான் கருத்திருக்கும். திருகை ஒட்டி வயரின் மேலுறை சுருங்கி, தொட்டால் உதிரும். சூடு மீறினால் முதலில் உருக வேண்டியது பீஸ் கம்பி. அதைத் தடிமனாக்கிவிட்டால் உருகும் இடம் சுவருக்குள் போய்விடுகிறது. டிரிப்பர் வைத்த வீடுகளிலும் இதே தவறு நடக்கிறது. 16 ஆம்பியர் அடிக்கடி விழுகிறது என்று 32 போடுகிறார்கள், உள்ளே இருப்பதோ 1.5 சதுர மி.மீ. வயர். விளக்குக்கு 1.5 வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் டிரிப்பரும், பவர் பிளக்குக்கு 2.5 வயரும் 16 ஆம்பியரும், ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. வயரும் 20 ஆம்பியரும் என்பது வழக்கமான பொருத்தம். டிரிப்பர் காப்பது வயரை. எனவே வயரைப் பார்த்துத்தான் டிரிப்பர் வாங்க வேண்டும்.

2020-களின் நடுவில் தமிழ்நாட்டுக் கடைகளில் தரமுள்ள ஒற்றை டிரிப்பர் ஏறத்தாழ 150 முதல் 300 ரூபாய். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சிங்கிள் பேஸுக்கு 1,500 முதல் 3,000, த்ரீ பேஸுக்கு 3,000 முதல் 5,000. ஆள்கூலியும் சேர்த்தால் சிங்கிள் பேஸ் போர்டு மாற்ற 6,000 முதல் 12,000 ரூபாய், த்ரீ பேஸுக்கு 20,000 முதல் 35,000 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சுவரை வெட்டி முழு வீட்டுக்கும் வயர் மாற்றினால் இது பல மடங்காகும். செம்பு விலை ஏறும்போதெல்லாம் வயர் காயில் விலையும் ஏறுகிறது.

பலர் மிச்சம் பிடிக்க நினைக்கும் இடம் எர்த். அதில் கைவைக்கவே கூடாது. குழி தோண்டி, ஜி.ஐ. குழாயை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவது பழைய முறை. மண்ணில் ஈரம் இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். மழை மறைவுப் பகுதியான இந்த அடிவாரத்தில் கோடையில் மண் காய்ந்து இறுகிவிடும். சில இடங்களில் நாலடியிலேயே பாறை தட்டும். அங்கே ஒரு குழிக்குப் பதில் இரண்டு குழி எடுத்து இணைக்க வேண்டியிருக்கும், கூலியும் இரட்டிப்பாகும். குழாயின் வாயில் புனல் வைத்து, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது செலவில்லாத பராமரிப்பு.

ஆர்.சி.சி.பி. என்பது பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்க்கும் கருவி. வீட்டுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு கசிந்தால் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். எர்த் சரியாக இருந்தால், கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசிந்த உடனேயே அது விழும். எர்த் இல்லாவிட்டால், ஈரக்கையோடு ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். பழைய வயரிங்கில் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்து கிடந்தால் காரணமே இல்லாததுபோல் விழுந்துகொண்டிருக்கும். தொல்லை என்று அதை நீக்கிவிட்டு நேராக ஜாயின்ட் போடுவது, உயிர்காக்கும் பொருளைக் காசு கொடுத்து வாங்கி வீசுவதற்குச் சமம். நியூட்ரலைப் பிரித்துக் கட்ட ஒரு நாள் கூலி கூடுதலாகும், கொடுக்கலாம்.

மீட்டரும் அதன் சீலும் வாரியத்துக்கு உரியவை. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. 1957 ஜூலை 1-இல் தோன்றிய மின் வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டது. விநியோகப் பணி 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் இருக்கிறது. மக்கள் நாவில் இன்றும் அது ஈ.பி.தான். வீட்டின் மொத்த பளு 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸ் என்பது தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித்தொகுப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. பளுவைக் கூட்ட விண்ணப்பித்தால் பதிவுக் கட்டணம், கிலோவாட் கணக்கில் வளர்ச்சிக் கட்டணம், காப்புத்தொகை ஆகியவை சேரும். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் நீக்கப்பட்டதால், உண்மையான பளுவைச் சொல்ல வீட்டுக்காரர் தயங்க வேண்டியதில்லை.

வேலையைச் செய்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரோ, அவரின்கீழ் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனோ ஆக இருக்க வேண்டும். கையில் மொத்தப் பணமும் இல்லாத வீட்டுக்கு வரிசை இது: முதலில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும், அடுத்து ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் தனி வயர், பிறகு மற்ற அறைகளின் வயர். த்ரீ பேஸ் அதற்குப் பின் வரலாம். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் உள்ள 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியும் விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.