கொடுத்து வைத்தவன்!

நிரந்தர வேலையில் இருப்பவனைக் 'கொடுத்து வைத்தவன்' என்கிறது ஊர். கிருமாம்பாக்கத்துத் தேநீர்க் கடையிலும் இதே பேச்சுத்தான். யார் கொடுத்தார்? எங்கே வைத்தார்? முற்பிறவிப் புண்ணியமாம்! கேட்போம் தோழர்களே, வரலாற்றை.

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரி. பொழுது விடியுமுன் ஆலைக்குள் நுழைந்தவன் பொழுது சாய்ந்த பின்னரே வெளிவருவான். எட்டுமணி நேர வேலை கேட்டனர். சங்கம் அமைக்க உரிமை கேட்டனர். தோழர் வ. சுப்பையா முன்னின்றார். 1936 சூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கி பேசிற்று. பன்னிருவர் மாண்டனர். 1937இல் வந்த தொழிலாளர் சட்டம் எட்டுமணி நேரத்தையும் சங்க உரிமையையும் ஏற்றது. கொடுத்தவர் கடவுளல்லர், அந்தப் பன்னிருவர்.

ஆனால் அந்த வெற்றி எல்லோரையும் எட்டிற்றா? பஞ்சாலை உலகில் 'பதிலி' என்றொரு பிறவி உண்டு. அதே தறி, அதே நூல், அதே வியர்வை. ஆனால் பெயர் பதிவேட்டில் நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறை மாற்றத்தின்போதும் வாயிலில் வந்து நிற்பான். உள்ளே எவனாவது வராதிருந்தால் இவனுக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் வந்த வழியே வீடு. அடுத்தவன் காய்ச்சல் இவனுக்குக் கஞ்சி! நண்பனின் நோயை எதிர்பார்த்து நிற்கவேண்டிய நிலையில் ஒருவனை நிறுத்திவிட்டு, 'தொழிலாளர் ஒற்றுமை எங்கே?' என்று கேட்பதும் நாம்தான். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய மாதிரி நிலையாணைகள் நிரந்தரம், பதிலி, தற்காலிகம் என்று தொழிலாளரைத் தரம் பிரித்தே எழுதின. வருணம் போலவே, பிறப்பால் அன்று, ஏட்டால்!

இது மனக்குறை மட்டுமா? உடலையும் தின்னும் குறை. 1985இல் லண்டன் அரசு ஊழியரிடையே தொடங்கிய வைட்ஹால் இரண்டாம் ஆய்வு ஓர் உண்மையைக் காட்டிற்று. தம் துறை தனியாருக்குப் போகப்போகிறது என்று அறிந்தவர்களின் உடல்நலம், வேலை போகுமுன்பே, அந்த அச்சத்திலேயே குன்றிற்று. மாதச் சம்பளக்காரனுக்கே அந்தக் கதியென்றால், நாள்தோறும் வாயிலில் நிற்பவன் நிலை?

கிருமாம்பாக்கத்திலிருந்து கடலூர்ச் சாலைவழி நகருக்குச் செல்வோர் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. ஆலையைக் கடந்தே செல்வர். 2020இல் அது மூடப்பட்டது. நிரந்தரம் என்ற சொல்லுக்கும் ஆலை உள்ளளவுதான் ஆயுள்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 'குறித்தகால வேலை' இடம்பெற்றது. ஊதியம் நிரந்தரத் தொழிலாளிக்குச் சமம், ஓராண்டிலேயே பணிக்கொடையும் உண்டு, மறுப்பதற்கில்லை. தேதி முடிந்தால் வேலையும் முடியும். அதை ஆட்குறைப்பு என்று சட்டம் கொள்ளாது. ஆட்குறைப்புக்குரிய இழப்பீடும் கிடையாது.