கட்டிலருகே வந்த ஸ்கேன்

சாலை விபத்தில் சிக்கிய ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வருகிறார்கள். வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா? இதைத் தெரிந்துகொள்ள மருத்துவருக்குச் சில நிமிடங்களே உண்டு. இன்று அவர் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியைக் கட்டிலருகே தள்ளி வந்து, தாமே பார்த்து விடுகிறார். இந்த எளிய காரியம் வழக்கத்துக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. கருவி பெரிதாக இருந்தது ஒரு காரணம். அதை யார் கையில் கொடுப்பது என்ற சண்டை இன்னொரு காரணம்!

கப்பல் பட்டறையிலிருந்து மருத்துவமனைக்கு

1880இல் பிரான்சில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். அத்தகைய படிகத்தைக் கொண்டுதான் முதல் உலகப்போரின்போது பால் லாஞ்செவின், கடலுக்கடியில் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் முறையை உருவாக்கினார். பிறகு இரும்புத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கண்டறியத் தொழிற்சாலைகள் இதே முறையைக் கையாண்டன.

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், மால்மோ கப்பல் கட்டும் தளத்திலிருந்து அப்படியொரு கருவியை இரவல் வாங்கி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் 1955இல், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்துப் பார்த்தார். 1958இல் தம் குழுவினருடன் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டார். வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டிதான் என்று கருவி காட்டியது. கட்டி அகற்றப்பட்டு அவர் பிழைத்தார்.

ஆனால் அந்தக் காலக் கருவிகள் பெரியவை, மெதுவானவை. கதிரியக்கத் துறையின் இருட்டறைகளில் அவை நிலைத்துவிட்டன. உயிருக்குப் போராடும் நோயாளியை அங்கே தூக்கிச் செல்வது ஆபத்து!

குழாயும் ஒலியும்

அப்படியானால் வயிற்று இரத்தக்கசிவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1965 முதல் ஒரு முறை பரவியது. தொப்புளுக்குக் கீழே சிறு துளையிட்டு, குழாய் வழியே உப்பு நீரைச் செலுத்தி, வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். நீரில் இரத்தம் கலந்திருந்தால் அறுவை சிகிச்சை. இம்முறை இரத்தத்தைத் தவறவிடுவது அரிது. ஆனால் தானாக நின்றுவிடும் சிறு கசிவுக்கும் வயிற்றைக் கிழிக்க நேர்ந்தது.

ஜெர்மனியில் 1980களிலேயே அறுவை மருத்துவர்கள் தாமே ஸ்கேன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1988 டிசம்பர் 7இல் ஆர்மீனியாவில் ஸ்பிதாக் நிலநடுக்கம் ஏற்பட்டு சுமார் 25,000 பேர் மாண்டனர். காயமடைந்தவர்கள் வந்து குவிந்த மருத்துவமனையில் முதல் 72 மணி நேரத்தில் 400 பேருக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கப்பட்டது. ஒருவருக்குச் சராசரியாகச் சில நிமிடங்களே ஆயின. யாருக்கு உடனே அறுவை தேவை, யார் காத்திருக்கலாம் என்று பிரித்தறிய அது உதவியது.

நான்கு இடங்கள், ஒரு கேள்வி

1990களில் அமெரிக்காவில் கிரேஸ் ரோசிக்கி என்ற அறுவை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தச் சோதனையை ஒழுங்குபடுத்தினார்கள். அதன் பெயர் 'ஃபாஸ்ட்'. மல்லாந்து படுத்திருப்பவரின் உடலில் இரத்தம் பள்ளமான இடங்களை நாடும். ஆகவே கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்கு அருகே என மூன்று இடங்களையும், நான்காவதாக இதய உறையையும் பார்த்தால் போதும். புதிய இரத்தம் திரையில் கருப்பாகத் தெரியும்.

"பல ஆண்டுகள் படித்துச் செய்யும் வேலையைச் சில நாள் பயிற்சியில் செய்வதா? தவறினால் உயிர் போகுமே!" என்பது கதிரியக்க வல்லுநர்களின் எதிர்ப்பு. அது நியாயமான கவலைதான். "முழு வயிற்றையும் ஆராயவில்லை, 'இரத்தம் உண்டா இல்லையா' என்று மட்டுமே கேட்கிறோம்" என்பது அவசர மருத்துவர்களின் பதில். 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், தகுந்த பயிற்சி பெற்ற எந்தத் துறை மருத்துவரும் அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம் என்று ஏற்றது. 2001இல் அவசர மருத்துவர்களின் கல்லூரி இதற்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

அதே 1999இல் போர்க்கள மருத்துவத்துக்காக அமெரிக்க ராணுவ ஆய்வு நிதியில் தொடங்கிய முயற்சியிலிருந்து, சுமார் இரண்டரைக் கிலோ எடையுள்ள கருவி சந்தைக்கு வந்தது. பிரான்சில் டானியல் லிக்டென்ஸ்டைன், காற்று நிறைந்த நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் உதவாது என்ற பாடப்புத்தகக் கருத்தை மாற்றிக் காட்டினார். மூச்சு விடும்போது நுரையீரலின் மேற்பரப்பு திரையில் வழுக்கிச் செல்லும். மார்புச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்று கசிந்திருந்தால் அந்த வழுக்கல் நின்றுவிடும்! 2008இல் அவர் வெளியிட்ட 'புளூ' நெறிமுறை, மூச்சுத்திணறலின் காரணத்தைச் சில நிமிடங்களில் பிரித்தறிய வழி சொன்னது.

இந்தியாவின் சிக்கல்

இந்தியாவில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. இதே கருவி பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கவும் பயன்பட்டது. அதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது, 2003இல் அது கடுமையாக்கப்பட்டது. எடுத்துச் செல்லத்தக்க கருவிகளைப் பதிவு பெற்ற இடத்துக்கு வெளியே கொண்டு செல்வதற்கு 2012இல் கட்டுப்பாடு வந்தது. அவசர மருத்துவம் தனித்துறையாக அங்கீகரிக்கப்பட்டதோ 2009இல்தான். பிறக்காத பெண்ணைக் காக்கும் சட்டமும், விபத்தில் அடிபட்டவரைக் காக்கும் கருவியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. இரண்டுமே தேவை என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஃபாஸ்ட் சோதனையில் கருப்பு தெரியவில்லை என்றால் காயமே இல்லை என்று பொருளல்ல. குறைந்த அளவு இரத்தமும், குடலில் விழுந்த ஓட்டையும், வயிற்றின் பின்புறக் கசிவும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் நல்ல மருத்துவர் திரையைப் பார்த்த பிறகும் நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கருவி கட்டிலருகே வந்ததன் உண்மையான பயன் மருத்துவரும் அங்கேயே நிற்பதுதான்.